மருந்துக்கடைக்கு எவ்வளவு சொல்லலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பாராசிட்டமால் ஒரு அட்டை வாங்கினால்கூட செல் நம்பர் கேட்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஒரு மருந்துக்கடை எடுத்துக்காட்டாக வருகிறது. ரசீதை போனுக்கு அனுப்பச் சொல்லி நீங்களாக நம்பர் கொடுத்தால், அந்த ரசீதை அனுப்ப மட்டும் கடை அதைப் பயன்படுத்தலாம். 'உங்க சுகர் மாத்திரை தீர்ந்திருக்குமே' என்று பிறகு மெசேஜ் அனுப்புவதற்குத் தனியாக உங்கள் சம்மதம் வேண்டும். இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. ஆனால் 'நம்பர் வேண்டாம், பில் மட்டும் போடுங்க' என்று சொல்ல இன்றைக்கே எந்தத் தடையும் இல்லை.

தூக்க மாத்திரை வாங்கியபோது என் பெயரையும் டாக்டர் பெயரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இது சரியா?

சரிதான். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் சில ஆன்டிபயாடிக்குகளும் மருந்து விதிகளின் 'ஹெச்1' பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல், இவற்றை விற்கும் கடை, மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் பார்ப்பதற்கான பதிவேடு அது. அடுத்து நிற்பவர் படிக்கும்படி கவுண்டரில் விரிந்து கிடந்தால், மூடி வைக்கச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தெருமுனைக் கடையில் அதை என் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டில் பெரிய பிரச்சினை.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், மனசு கனத்துப் போனது. அவர்கள் செய்தது தவறு, 'வீட்டு ஆள்தானே, அக்கறையில சொன்னேன்' என்ற சமாதானமெல்லாம் இதில் எடுபடாது. நோயாளியைப் பற்றித் தொழில்வழி தெரிந்துகொண்டதை மருந்தாளுநர் வெளியே சொல்லக்கூடாது என்று 2015-ன் மருந்தகப் பணி ஒழுங்குமுறை விதிகள் சொல்கின்றன. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய் ஆகியவைதான் விதிவிலக்கு. இந்தப் பட்டியலில் மாமியார் இல்லை, கணவரும் இல்லை. எச்ஐவி என்றால் 2017-ன் தனிச் சட்டமே இருக்கிறது, சம்மதம் இல்லாமல் அடுத்தவரிடம் சொல்வதை அது தடைசெய்கிறது.

என்ன செய்யலாம் என்றால், கடையில் மாட்டியிருக்கும் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு, தேதியோடு நடந்ததை எழுதி தமிழ்நாடு மருந்தாளுநர் கவுன்சிலுக்குப் புகார் அனுப்புங்கள். சொன்னது கடைப் பையன் என்றாலும், அவனுக்குப் பதிவு இல்லை என்று மருந்தாளுநர் கைகழுவ முடியாது என்பதுதான் என் கருத்து, அவர் பொறுப்பில்தானே கடை நடக்கிறது. அப்புறம், இனி மாத்திரைக்கு வேறு கடைக்குப் போங்கள். பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

காசநோய் மருந்து வாங்கினால் அரசாங்கத்துக்குச் சொல்லிவிடுவார்களாமே?

ஆமாம், 2018 மார்ச் அறிவிக்கைப்படி மருந்துக்கடையும் தெரிவித்தாக வேண்டும். சுகாதாரத் துறைக்கு மட்டும்தான், பக்கத்து வீட்டுக்கு அல்ல. அப்படிப் பதிவானால்தான் சத்துணவுக்கான உதவித்தொகையும் உங்களுக்குக் கிடைக்கும், இப்போது மாதம் 1,000 ரூபாய்.

நான் கடை நடத்துகிறேன். வாட்ஸ்அப்பில் வரும் மருந்துச் சீட்டில் கையெழுத்து புரியாவிட்டால் எங்கள் குரூப்பில் போட்டுக் கேட்பேன். தப்பா?

முழுச் சீட்டையும் போட்டால் தப்புதான். பெயர், வயது, டாக்டர் முகவரி என்று எல்லாமே அதில் இருக்கிறது, குரூப்பில் எத்தனை பேர், அதை யார் யாருக்கு அனுப்புவார்கள் என்று உங்களுக்கே தெரியாது. முதலில் டாக்டருக்கு போன் பண்ணுங்கள், மருந்தை ஊகித்துக் கொடுக்கும் ஆபத்தும் அதோடு போய்விடும். ஆள் கிடைக்கவே இல்லை என்றால் மருந்து எழுதிய வரியை மட்டும் வெட்டி அனுப்புங்கள், அங்கே வரும் பதிலை டாக்டரிடம் உறுதிசெய்யாமல் மருந்தைக் கொடுக்காதீர்கள். சீட்டுகள் வர கடைக்கென்று தனி போன் வைத்து அதற்கு லாக் போடுங்கள். பழைய பில்லையும் சீட்டு நகலையும் எடைக்குப் போடுவதற்கு முன் கிழித்துவிடுங்கள். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பெண்ணின் பெயரும் கருத்தடை மாத்திரையின் பெயரும் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.