முதல் ஸ்கேனில் கை வைக்காதீர்கள்

கேள்வி: தாத்தா நடத்திய ஸ்டூடியோவின் பழைய படங்கள் ஏறக்குறைய 1,200 எங்களிடம் இருக்கின்றன. பெரும்பாலும் 4x6 அங்குலப் பிரிண்ட்; கூடவே ஒரு டப்பா நிறைய 35 மி.மீ. நெகட்டிவ். ஸ்கேன் செய்யலாம் என்றால், டிஃப் ஃபைல் இடத்தை அடைத்துவிடும், ஜேபெக்கே போதும் என்கிறான் தம்பி. எது சரி? எதில் போட்டு வைப்பது?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: டிஃப் என்பது படத்தின் விவரம் எதையும் இழக்காமல் வைக்கும் ஃபைல் வகை, ஜேபெக் சுருக்கி வைக்கும் வகை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 4x6 பிரிண்டை 600 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) கலரில் ஸ்கேன் செய்தால் 2,400 x 3,600 பிக்சல், சுருக்காத டிஃப் ஒன்று சுமார் 26 எம்பி வரும். 1,200 படத்துக்கும் சேர்த்து 31 ஜிபி சொச்சம், அவ்வளவுதான். இன்று ஒரு சாதாரண மெமரி கார்டில் அடங்குகிற அளவு இது, இதற்காகத் தரத்தைக் குறைக்கவே வேண்டாம். ஜேபெக் ஃபைலைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் விவரம் போய்விடும், போனது திரும்பாது. அதனால் டிஃப்தான் மூலப்படி. உறவினர்களுக்கு அனுப்ப அதிலிருந்து தனியாக ஜேபெக் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் அந்த நகலில் மட்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் பெரியப்பா கல்யாணப் படத்தில் ஓரம் அழுக்காக இருக்கிறதே என்று வெட்டி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். அந்த ஓரத்தில்தான் ஸ்டூடியோ பெயர் அழுத்தி அச்சாகியிருந்தது. பிரிண்டும் பிறகு கரையான் அரித்துப் போய்விட்டது. இன்றுவரை அது எந்த ஊரில் எடுத்த படம் என்று தெரியவில்லை.

நெகட்டிவுக்கு 600 டிபிஐ பத்தவே பத்தாது. ஃபிலிமில் ஒரு படம் வெறும் 36 x 24 மி.மீ., 600-ல் எடுத்தால் 850 பிக்சல் அகலம்தான் வரும். ஃபிலிம் ஸ்கேன் வசதி உள்ள கருவியில் 3,000-க்கு மேல் வையுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்துவிடுங்கள்.

ஃபைல் பெயர் 0001, 0002 என்று நான்கு இலக்கத்தில் இருக்கட்டும். வெறும் 1, 2 என்று வைத்தால் சில மென்பொருளில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். படத்தில் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதை எண் போட்டு ஒரு எக்செல் அட்டவணையில் எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள், ஸ்கேன் கூட அப்புறம் செய்துகொள்ளலாம்.

சரி, எதில் வைப்பது? மூன்று பிரதி: வெவ்வேறு ஹார்டு டிஸ்க் இரண்டில் ஒவ்வொன்று, இன்னொன்று கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில். ஹார்டு டிஸ்க்கில் ஒன்றாவது வேறு ஊரில், அக்கா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ இருக்கட்டும். பென் டிரைவ் எடுத்துப்போக மட்டும்தான்.

கேள்வி: காப்பி செய்த ஃபைல் கெடாமல் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியுமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: திறக்கவே வேண்டாம். செக்சம் என்று ஒன்று இருக்கிறது, ஃபைலில் உள்ளதை வைத்துக் கணக்கிடும் ஒரு எண், ஃபைலுக்குக் கைரேகை மாதிரி. ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். ஷா-256 என்ற முறையில் இதைக் கணக்கிடும் இலவச மென்பொருள்கள் நிறைய உண்டு. ஸ்கேன் முடிந்த அன்றே எல்லா ஃபைலுக்கும் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் ஒவ்வொரு டிஸ்க்கையும் செருகி ஒப்பிடுங்கள். எண் ஒத்துப்போகாத ஃபைலை மட்டும் நல்ல பிரதியிலிருந்து எடுத்து மாற்றிவிடலாம்.