கணக்கு தெரியாமல் பிபிஏ படிக்கலாமா?

கேள்வி: பள்ளியில் அறிவியல் பிரிவு எடுத்துப் படித்தேன். கணக்கியல் ஒரு வரிகூடத் தெரியாது. கணிதத்திலும் சுமார்தான். வணிக மேலாண்மையில் இளங்கலை (பிபிஏ) சேர ஆசை. "எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுவிட்டு விட்டுவிடுவார்கள், எதிலும் உருப்படியாகத் தேற முடியாது" என்று மாமா தடுக்கிறார். சேரலாமா? சேர்ந்தால் எப்படிப் படிப்பது?

பதில்: மாமா சொல்வதில் பாதி சரி. மருத்துவம் படித்தவர் பட்டத்தோடு வைத்தியம் பார்க்கும் தகுதியையும் பெறுகிறார். பிபிஏ முடித்தவருக்கு அப்படி எதுவும் கிடையாது. பட்டம் வாங்கிய மறுநாள் யாரும் அழைத்து மேலாளர் நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். விற்பனை, வாடிக்கையாளர் சேவை, கணக்குப் பிரிவு, ஆள் எடுக்கும் பிரிவு என்று எங்காவது கீழ்ப்படியில்தான் தொடங்க வேண்டியிருக்கும். பாடங்களும் அப்படித்தான். கணக்கியல், பொருளாதாரம், புள்ளியியல், சந்தைப்படுத்தல், மனிதவளம், வணிகச் சட்டம், நிதி என்று ஒவ்வொரு செமஸ்டரும் வேறு வேறு திசையில் இழுக்கும்.

மாமா சொல்லாத பாதி ஒன்று உண்டு. இந்தப் படிப்பில் தோற்பவர்கள் அது கடினமாக இருப்பதால் தோற்பதில்லை, எளிதாகத் தோன்றுவதால்தான் தோற்கிறார்கள். 'ஊழியர்களை ஊக்கப்படுத்த வேண்டும்', 'வாடிக்கையாளரின் தேவையை அறிய வேண்டும்' என்றெல்லாம் படிக்கும்போது, இது நமக்கே தெரியுமே என்று தோன்றும். அதனால் தேர்வுக்கு முந்தின வாரம்தான் புத்தகத்தைத் திறப்பார்கள். பல வருடங்களாக விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரையறையை எல்லோரும் சரியாக எழுதுகிறார்கள். 'சரி, இப்போது இந்த முதலாளி என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்ட இடத்தில்தான் பாதிப் பேர் வெற்றிடம் விடுகிறார்கள்.

ஒரு சின்ன உதாரணம் பாருங்கள். ஒருவர் துணிப்பை தைத்து விற்கிறார். பையின் விலை 100. ஒரு பைக்குத் துணியும் தையல் கூலியும் சேர்ந்து 60. பை விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டிய வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் மாதம் 20,000. நாணயம் எதுவாகவும் இருக்கட்டும். ஒவ்வொரு பையும் 40 மிச்சம் தருகிறது. 20,000-ஐ 40-ஆல் வகுத்தால் 500. மாதம் 500 பை விற்றால் கையைக் கடிக்காது, 501-வது பையிலிருந்து லாபம். இதைத்தான் பிரேக் ஈவன் என்கிறார்கள். இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள்.

இப்போது பக்கத்துக் கடைக்காரர் வந்து, "பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள், கூட்டம் வரும்" என்கிறார். பத்து சதவீதம்தானே? விலை 90 ஆகிறது, செலவு அதே 60, மிச்சம் 30. 20,000-ஐ 30-ஆல் வகுத்தால் 667 பை. விலையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்ததற்கு, நட்டமில்லாமல் நிற்கவே மூன்றில் ஒரு பங்கு அதிகம் விற்றாக வேண்டும். அத்தனை கூடுதல் வாடிக்கையாளர் வருவார்களா, அவ்வளவு பை தைக்க ஆள் இருக்கிறதா, தள்ளுபடியை நிறுத்தினால் வந்தவர்கள் நிற்பார்களா என்று கேட்கத் தொடங்கும் இடத்தில்தான் மேலாண்மை தொடங்குகிறது. சந்தைப்படுத்தல் பாடமும் கணக்கியல் பாடமும் அங்கே கைகோர்க்கின்றன. இரண்டையும் தனித்தனி நோட்டில் எழுதிப் படித்தவருக்கு அது கண்ணில் படாது.

கதை இன்னும் முடியவில்லை. அவர் தள்ளுபடி கொடுக்காமல் ஒரு பெரிய கடையோடு பேசி, பழைய விலையிலேயே 800 பை விற்றுவிட்டார் என்று வையுங்கள். லாபம் 12,000. ஆனால் அந்தக் கடை அறுபது நாள் கழித்துத்தான் பணம் தரும். துணிக்கும் கூலிக்கும் 48,000, மாதச் செலவு 20,000, ஆக 68,000 கையிலிருந்து போய்விட்டது. உள்ளே வந்தது பூஜ்யம். ஏட்டில் லாபம், பெட்டியில் காசில்லை. அடுத்த மாதத் துணிக்கு என்ன செய்வார்? நல்ல லாபம் காட்டிய தொழில்கள்கூட மூடிப் போவது இப்படித்தான். நடைமுறை மூலதனம் என்று பாடத்தில் வருவது, இந்தத் திண்டாட்டம் வராமல் அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவையான பணத்தைப் பற்றியது. உங்கள் மாமாவிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், அவரே உட்கார்ந்து பேசத் தொடங்கிவிடுவார்.

மேலே நான் போட்டது கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டும்தான். பெரும்பாலான பாடங்களுக்குச் சதவீதம், விகிதம், கூட்டு வட்டி, எளிய சமன்பாடு, சராசரி, திட்ட விலக்கம், நிகழ்தகவு தெரிந்தால் போதும். பொருளாதாரத்தில் கொஞ்சம் நுண்கணிதம் எட்டிப் பார்க்கலாம். அறிவியல் பிரிவிலிருந்து வருகிற உங்களுக்கு அது புதிதல்ல. 'சுமார்' என்று நீங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கணக்கியல்தான் உண்மையிலேயே புதிது. அதில் தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டில் 'வரவு செலவு' என்கிறோம். வரவு என்றால் உள்ளே வந்தது. ஆனால் ஒவ்வொரு நடவடிக்கையையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையில் டெபிட்டுக்குப் பற்று என்றும் கிரெடிட்டுக்கு வரவு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். ரொக்கம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் அது பற்று! முதல் வாரத்திலேயே தலை சுற்றும். போதாக்குறைக்கு, வங்கியில் பணம் போட்டதும் 'உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது' என்று செய்தி வரும். அது வங்கியின் ஏட்டிலிருந்து பார்த்துச் சொல்வது. நீங்கள் போட்ட பணம் வங்கிக்குக் கடன், உங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது, அதனால் அவர்கள் ஏட்டில் வரவு. உங்கள் ஏட்டில் அதே பணம் சொத்து, அதனால் பற்று. பற்று, வரவு என்பவை இடப்பக்கம், வலப்பக்கம் என்பதற்கு வைத்த பெயர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நல்லது, கெட்டது என்ற பொருளை அவற்றின் மேல் ஏற்றாதீர்கள். இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மீதி பழக்கம்தான். வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இந்த முறையை 1494-இல் அச்சில் விளக்கிய லூக்கா பச்சோலி ஒரு கணித ஆசிரியர், துறவியும்கூட. கணிதம் பற்றிய ஒரு பெரிய நூலின் ஒரு பகுதியாகத்தான் அவர் அதை எழுதினார்.

கோட்பாட்டுப் பாடங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பெயரையும் பார்க்கும்போது 'இவர் எங்கே நின்றுகொண்டு இதைச் சொன்னார்?' என்று கேளுங்கள். ஃபிரெடரிக் டெய்லர் எஃகு ஆலையில் இயந்திரத்தருகே வேலை பார்த்து ஃபோர்மேன் ஆனவர். 1911-இல் அவர் வெளியிட்ட கருத்துகள் ஒரு தொழிலாளி ஒரு வேலையை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்பதைச் சுற்றியே போகின்றன. ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர், பிரான்சில் ஒரு சுரங்க நிறுவனத்தையே பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தியவர். 1916-இல் அவர் எழுதியதில் திட்டமிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்று எல்லாமே தலைமை அறையிலிருந்து பார்த்த பார்வை. ஒருவர் கீழேயிருந்து மேலே பார்த்தார், மற்றவர் மேலேயிருந்து கீழே. இது பிடிபட்டால் 'டெய்லரையும் ஃபயோலையும் ஒப்பிடுக' என்ற கேள்விக்குப் பதில் தானாக வந்துவிடும்.

பாடப்புத்தகம் சொல்வதையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். மனிதரின் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிச் சொன்ன உளவியலாளர் மாஸ்லோவின் பெயரில், மாஸ்லோவின் தேவைகள் என்று ஒரு பிரமிடு வரைவார்கள், விடைத்தாளில் அவ்வளவு அழகாக வண்ணம் தீட்டி வருகிறது. 1943-இல் மாஸ்லோ எழுதிய கட்டுரையில் அந்தப் பிரமிடே கிடையாது, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. சிகாகோ அருகே ஹாதார்ன் ஆலையில், விளக்கு வெளிச்சத்தை மாற்றினால் உற்பத்தி எப்படி மாறுகிறது என்று பார்க்க 1924-இல் தொடங்கிய சோதனைகளும் அப்படித்தான். 'கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே தொழிலாளர்கள் அதிகம் உழைப்பார்கள்' என்று அதை வைத்துச் சொல்வார்கள். பழைய தரவுகளைப் பிற்காலத்தில் எடுத்து அலசிய பொருளியலாளர்கள் அந்த விளைவு அவ்வளவு வலுவாக இல்லை என்று கண்டார்கள். இதைச் சுட்டி ஒரு பத்தி எழுதுகிற மாணவரை, விடைத்தாள் திருத்துபவர் மறக்கமாட்டார்.

குழுவாகச் செய்யும் பணிகள் நிறைய வரும். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் உழைப்பார்கள், ஒருவர் கடைசி நாள் பவர்பாயின்ட்டுக்கு நிறம் மாற்றுவார், இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இது உங்கள் கல்லூரியின் தலையெழுத்து மட்டுமல்ல. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து பார்த்து, ஆள் கூடக் கூட ஒவ்வொருவரும் இழுக்கிற பலம் குறைகிறது என்று 1913-இலேயே எழுதிவிட்டார். முதல் நாளே யார் எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். சண்டை முழுதாகப் போகாது, பாதியாகும்.

அப்புறம், முதல் வருடமே பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். முன்பக்கத்துத் தலைவர் உரையையும் சிரிக்கிற படங்களையும் தாண்டி, தணிக்கையாளர் அறிக்கைக்கும் ரொக்க ஓட்ட அறிக்கைக்கும் நேராகப் போங்கள். லாபம் ஏறிக்கொண்டே போக, தொழிலிலிருந்து வரும் ரொக்கம் இறங்கிக்கொண்டே போனால், நம் துணிப்பைக்காரர் கதை அங்கே பெரிய அளவில் நடக்கிறதா என்று தேடுங்கள். படிப்பு முடியும் வரை அதே நிறுவனத்தைத் தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு புதிய பாடத்தையும் அதன் மேல் போட்டுப் பார்க்கலாம். நேர்முகத் தேர்வில் 'என்ன படித்தீர்கள்?' என்றால் பாடப் பெயர்களை ஒப்பிக்காமல் பேச ஒரு விஷயம் இருக்கும். எக்செல் பழகுவதையும் இதோடு சேர்த்துவிடுங்கள், தனி வகுப்பு தேவையில்லை.

கல்லூரி தேர்வு பற்றிச் சுருக்கமாக. விளம்பரத்தை விட்டுவிட்டுப் பாடத்திட்டத்தைச் செமஸ்டர் வாரியாக வாங்கிப் பாருங்கள். கணக்கியல், புள்ளியியல், நிதி ஆகியவற்றுக்கு எத்தனை தாள்கள், இன்டர்ன்ஷிப் மதிப்பெண்ணில் சேருமா, கடைசி வருடம் உண்மையான நிறுவனத்தோடு ஒரு திட்டப்பணி உண்டா என்று பாருங்கள். எண் சம்பந்தப்பட்ட தாள்கள் ஒன்றிரண்டுதான் என்றால், மாமா சொன்னது அந்தக் கல்லூரிக்கு அப்படியே பொருந்தும்.

பிறகு மேலாண்மையில் முதுகலையான எம்பிஏ செய்யப் போவது உறுதி என்றால் மட்டும் ஒருமுறை நிறுத்தி யோசியுங்கள். எம்பிஏவின் முதல் வருடத்தில் பிபிஏ பாடங்களில் பெரும்பகுதி மீண்டும் வரும். 1908-இல் ஹார்வர்டில் எம்பிஏ தொடங்கியபோதே அது ஏற்கெனவே வேறு பட்டம் பெற்றவர்களுக்கானதாகத்தான் இருந்தது. அறிவியலிலோ பொறியியலிலோ உண்மையான ஆர்வம் இருந்தால் அதில் இளங்கலை முடித்து, சில வருடம் வேலை பார்த்து, பிறகு மேலாண்மைக்கு வருவது நல்ல வழி. அந்த ஆர்வம் இல்லாமல், மதிப்பெண்ணுக்காக எடுத்த அறிவியல்தான் என்றால் தயங்காமல் பிபிஏ சேருங்கள்.

வகுப்பு தொடங்க இன்னும் சில வாரங்கள் இருக்கும். ஒரு நோட்டை எடுத்து, வீட்டுப் பணத்தில் ஒரு மாதம் நடப்பதையெல்லாம் இரண்டு பக்கப் பதிவாக எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு பற்று, ஒரு வரவு. மாதக் கடைசியில் இரண்டு பக்கமும் கூட்டினால் சமமாக வர வேண்டும். முதல் தடவை வராது. எங்கே தவறியது என்று தேடுங்கள். மாமாவையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம்.