குழந்தைகளுக்கு ஓபராவை, அதாவது கதையைப் பாடியே நடிக்கும் மேற்கத்திய இசை நாடகத்தை, அறிமுகப்படுத்திய டிவி தொடர் ஏதாவது உண்டா?

உண்டு. 1970-களின் தொடக்கத்தில் வந்த 'ஹூ'ஸ் அஃப்ரெய்ட் ஆஃப் ஓபரா?'. ஓபராவைக் கண்டு யாருக்குப் பயம் என்று பெயரிலேயே சீண்டல்.

நடத்தியவர் ஜோன் சதர்லேண்ட். சிட்னியில் பிறந்து, 1959-இல் லண்டனில் ஓர் ஓபராவின் நாயகி 'லூசியா'வாகப் பாடி உலகப் புகழ் பெற்றவர். அந்த உயரத்தில் இருந்தவர் இதில் பொம்மைகளோடு உட்கார்ந்து கதை சொல்கிறார்! ஒரு ஆடு, ஒரு ஆட்டுக்குட்டி, ஒரு சிங்கம். அவை நடுநடுவே கேள்வி கேட்கும். இவர் பதில் சொல்லிவிட்டு அப்படியே மேடைப் பாத்திரமாக மாறிப் பாடுவார். பேச்சு ஆங்கிலத்தில், பாட்டு மூல மொழியில். குழந்தைக்கு இத்தாலியன் புரியாது. ஆனால் கதை முன்பே தெரிந்துவிடுவதால் குரலிலுள்ள கோபமும் அழுகையும் புரிந்துவிடும். தொடரின் சூட்சுமமே இதுதான்.

லண்டன் சிம்பொனி இசைக்குழு வாசிக்க, சதர்லேண்டின் கணவர் ரிச்சர்ட் பானிங் அந்தக் குழுவை நடத்தினார். மொத்தம் எட்டு ஓபராக்கள், ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குள். 'செவிலின் நாவிதர்' சிரிப்புக் கதை, சிக்கலில்லை. லூசியாவோ முதலிரவில் மாப்பிள்ளையைக் குத்திக் கொன்றுவிட்டுப் புத்தி பேதலித்துப் பாடுபவள். அதையும் சேர்த்திருக்கிறார்கள், துணிச்சல்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நாவிதரிலிருந்து ஆரம்பியுங்கள்.