உள்ளாட்சித் தேர்தல்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

திருநெல்வேலி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1996 முதல் 2011 வரை நான்கு உள்ளாட்சித் தேர்தல்களில் பணி செய்திருக்கிறேன். கட்சி அரசியல் கேட்காதீர்கள். கேட்கும் முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

களக்காடு: அண்ணாச்சி, எங்கள் ஊராட்சித் தலைவர் கால்வாசி ஓட்டுக்கூட வாங்கவில்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டார். இது என்ன நியாயம்?

சட்டப்படி நியாயம்தான். அதிக ஓட்டு வாங்கியவர் வென்றார், அவ்வளவே. 1,400 ஓட்டு பதிவாகி ஏழு பேர் நின்றால் 310 வாங்கியவர் தலைவர். வேறு ஆளுக்குப் போட்ட 1,090 பேர் கணக்கில் வர மாட்டார்கள். இது தெரிந்துதான் எதிர்த்தெருக்காரர் ஓட்டைப் பிரிக்க அதே தெருவில் ஒரு டம்மியை நிறுத்துகிறார்கள், டெபாசிட்டையும் இவர்களே கட்டி. தன் சாதிக்காரர் நாலு பேரை வாபஸ் வாங்க வைத்தவருக்கு மற்ற தெருக்களில் ஓட்டுக் கேட்கவே வேண்டாம்.

இதற்கு மருந்து விருப்ப வரிசை வாக்கு. வேட்பாளர்களுக்கு எதிரே ஒன்று, இரண்டு என்று எண் போடுகிறோம். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசி ஆளை நீக்கி, அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். அந்நியச் சரக்கு இல்லை. குடியரசுத் தலைவரை இப்படித்தான், மாநிலங்களவை உறுப்பினரை ஏறக்குறைய இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். 1986இல் மேலவையைக் கலைக்கும்வரை நம் பட்டதாரிகளும் ஆசிரியர்களும் இப்படித்தான் ஓட்டுப் போட்டார்கள். எம்எல்ஏவுக்குத் தெரிந்த வித்தை நம் ஊர் ஆச்சிக்கு வராதா?

திசையன்விளை: எழுதத் தெரியாத ஆச்சி எப்படி எண் போடுவார்?

நல்ல கேள்வி, நானே மாட்டிக்கொண்டேன். எண் வேண்டாம். சின்னத்துக்கு எதிரே இரண்டு கட்டம், அதே ரப்பர் முத்திரை, முதல் விருப்பத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று. லண்டன் மேயர் தேர்தலை 2000 முதல் 2021 வரை ஏறக்குறைய இப்படித்தான் நடத்தினார்கள். அப்புறம் சட்டம் போட்டு அதைக் கைவிட்டுவிட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணுவது தாமதமாகும். ஏற்கெனவே கிராமத்தில் வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று நான்கு சீட்டும் ஒரே பெட்டியில் விழுகின்றன. பிரித்து முடிக்கவே விடிந்துவிடும். இன்னும் அரை நாள் கூடினால் குடி முழுகாது.

வள்ளியூர்: அடுத்த தேர்தல் எப்போது?

நம் மாவட்டத்தில் 2021 அக்டோபரில் வந்தவர்களுக்கு ஐந்தாண்டு. அரசமைப்பு அதற்கு மேல் ஒரு நாளும் தராது. ஆனால் 2016 அக்டோபரில் உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்தபோது என்ன ஆனது? 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரில் நடந்தது. தென்காசியைப் பிரித்ததால் நமக்கும் அவர்களுக்கும் 2021 வரை தனி அலுவலர் ஆட்சி. ஐந்து வருடம் தண்ணீர்க் குழாய்க்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றோம்.

ராதாபுரம்: தேர்தல் எப்போது சார்?

மேலே பாருங்கள். பட்டியலையும் பாருங்கள்.

முக்கூடல்: பெண் தலைவர் இருந்தும் வீட்டுக்காரர்தான் ஆள்கிறார். பாதி இடம் ஒதுக்கி என்ன பயன்?

2016 சட்டத் திருத்தத்தில்தான் பாதியானது, அதற்கு முன் மூன்றில் ஒன்று. காசோலையில் கையெழுத்து அந்த அம்மாவுடையதுதான். கூட்டத்தில் அவரையே பேசச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் இல்லாமல் தானே ஆண்டவர்களும் உண்டு. தாழையூத்தில் 2006இல் தலைவரான கிருஷ்ணவேணியை 2011இல் வெட்டினார்கள். பிழைத்து வந்தார். இங்கே ஓட்டு முறையை மட்டும் திருத்தினால் போதாது.

பாப்பாக்குடி: இத்தனை வம்பு எதற்கு? தலைவர் பதவியை ஏலம் விடலாம், கோயிலுக்காவது காசு சேரும். இல்லை, உத்திரமேரூர் மாதிரி குடவோலை போடலாம்.

ஏலம் லஞ்சம்தான், கோயில் உண்டியலில் போட்டாலும். அதைப் பற்றி இனி பேச மாட்டேன். குடவோலைக்கு வருகிறேன். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921. அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முந்தியது, ஊர்ச்சபைக்கு யார் வரலாம் என்று சொல்லும் நம் மானூர்க் கல்வெட்டு, வட்டெழுத்து, பாண்டியன் மாறஞ்சடையன் காலம். பக்கத்து ஊரை விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கு ஏன் பஸ் ஏறுகிறீர்கள்?

மானூர்: எங்கள் ஊரைச் சொன்னதற்கு நன்றி அண்ணாச்சி. அப்போ அதையே திரும்பக் கொண்டுவரலாமே?

நிலம் இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் நானும் உள்ளே போக முடியாது தம்பி.

பாப்பாக்குடி: அதை நீக்கிவிட்டுக் குலுக்கலை மட்டும் வைத்துக்கொள்வோமே. குலுக்கலுக்கு யாரும் காசு கொடுக்க முடியாது.

இது யோசிக்க வேண்டியதுதான். சமமாக ஓட்டு வந்தால் இப்போதும் குலுக்கல்தான் போடுகிறோம். ஆனால் குலுக்கலில் வந்தவர் சாலை போடாவிட்டால் எந்த ஓட்டால் தண்டிப்பீர்கள்? மானூரில் எனக்குப் பிடித்தது வேறு. சபையில் எது வந்தாலும் ‘இல்லை, இல்லை’ என்றே தடுப்பவருக்கு ஐந்து காசு தண்டம். ஒன்றியக் கூட்டத்தில் இது இருந்திருந்தால் புதுக் கட்டடமே கட்டியிருக்கலாம்.

பாப்பாக்குடி: அப்படியென்றால் எனக்கும் ஐந்து காசா?

ஏலத்துக்கும் சேர்த்துப் பத்து.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, என் பெயர் பக்கத்து வார்டில் இருக்கிறது.

முதல் பத்தியிலேயே சொன்னேன். ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வையுங்கள். வேட்புமனு தொடங்கிய பின் போய் நிற்காதீர்கள்.