புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுக்கு எந்தக் குழாய்? பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: பழைய ஜீப்பில் வேறு இன்ஜினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றியிருக்கிறேன். பெட்டி முன்னால் தள்ளிப் போனதால், பெட்டியின் சுற்றைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 110 மி.மீ. எட்டவில்லை. வேலூரில் பைப் கடையில் கேட்டால் 2 அங்குல 'சி கிளாஸ்' (கனச் சுவர்) ஜி.ஐ. தண்ணீர்க் குழாயைக் காட்டி, "லாரி ஏறினாலும் நசுங்காது சார்" என்கிறார்கள். போடலாமா ஐயா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டாம். ஆனால், பலரும் பயமுறுத்துவது போல முறுக்கில் அறுந்துவிடும் என்பது காரணமல்ல. அந்தக் குழாயின் வெளி விட்டம் 60.3 மி.மீ., சுவர் 4.5 மி.மீ. ஜீப் இன்ஜினின் முறுக்கை அது தாங்கிவிடும். சிக்கல் சுற்றும்போதுதான். தண்ணீர் போவதற்காகச் செய்த குழாய் அது. நேராக இருக்க வேண்டும், சுவர் சுற்றிலும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்று யாரும் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை. உள்ளே வெல்டிங் தையல் மேடாக நிற்கும். மீட்டருக்கு 6.2 கிலோ எடை வேறு. மேலே பூசிய துத்தநாகம் வெல்டிங்கில் புகைந்து பற்றில் ஓட்டை விடும். அந்தப் புகையை இழுத்தவருக்கு ராத்திரி குளிர்காய்ச்சல் வரும்.

நீங்கள் கேட்க வேண்டியது சி.டி.டபிள்யூ. குழாய். சில கடைகளில் சி.இ.டபிள்யூ. என்பார்கள். பட்டையைச் சுருட்டி வெல்டு செய்து, உள்தையலைச் சீவி, பிறகு குளிர்நிலையில் அச்சு வழியாக இழுத்த குழாய். வாகனக் குழாய்களுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 3074, பில்லில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். ஆவடியில் இதைத் தயாரிக்கும் ஆலையே இருந்தாலும், ஒற்றைக் குழாய்க்காக அங்கே போய்ப் பயனில்லை. சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் குழாய் வியாபாரிகளிடம் விசாரியுங்கள், அல்லது வேலூர் கடைக்காரர் மூலம் அங்கிருந்து வரவழையுங்கள். பெரும்பாலும் 6 மீட்டர் நீளமாகத்தான் வரும்.

அளவு (வெளிவிட்டம் × சுவர்): சிறிய கார்களுக்கு 50.8 × 1.65, ஜீப்புக்கு 63.5 × 2.1, நீள ஷாஃப்ட்டுக்கு 76.2 × 2.1 மி.மீ. ஆனால் குழாயை முதலில் வாங்கி விடாதீர்கள். யோக்கின் (குழாய் முனையில் வெல்டு செய்யும் இரு காதுள்ள கவை) அடிக்கழுத்து எந்த உள்விட்டத்துக்குள் இறுகி உட்காரும் என்பதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே கடைக்குப் போங்கள். 63.5 × 2.1 குழாயின் உள்விட்டம் 59.3. கழுத்து அதைவிட 0.05 முதல் 0.10 மி.மீ. பெரிதாக இருந்து, தட்டி இறக்கும்படி இருக்க வேண்டும். கழுத்து 57 என்றால் அந்தக் குழாய் உங்களுக்கு ஆகாது. இடைவெளிக்குப் புஷ் (வளையம்) போட்டு ஒப்பேற்றலாம் என்று லேத்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடையிலேயே இரண்டு சோதனை. தராசில் போடுங்கள்: 63.5 × 2.1 என்றால் மீட்டருக்கு சுமார் 3.2 கிலோ, 6 மீட்டருக்கு 19 கிலோ. 17 கிலோதான் வருகிறதென்றால் சுவர் மெலிந்த குழாயைத் தலையில் கட்டுகிறார்கள். பிறகு வெட்டுமுனையில் சுற்றி எட்டு இடத்தில் சுவரை அளங்கள். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 0.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் கூடாது.

இன்ஜின் மாற்றியதற்கு, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள். அது இல்லாமல் ஷாஃப்ட் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் வண்டியைச் சாலையில் விட முடியாது.

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பழைய பாய்லர் டியூப் கிடைக்கிறது. தையலே இல்லாத சீம்லெஸ். வெல்டு குழாயைவிட அதுதானே உசத்தி?
– வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: அழுத்தம் தாங்க உசத்தி. சுற்றுவதற்கு அல்ல. சூடாக இருக்கும்போது கட்டியை ஊசியால் துளைத்துச் செய்வதால், ஓட்டை நடுவில் விழாமல் சற்று ஒதுங்கிவிடும். சுவர் கனம் பன்னிரண்டரை சதவீதம் குறையலாம் என்பது சூட்டில் செய்த குழாய்த் தரங்களில் சாதாரணமாகக் கொடுக்கும் சலுகை.

கணக்குப் பாருங்கள். 63.5 விட்டம், 4 மி.மீ. சுவர், ஒரு பக்கம் 4.4, எதிர்ப்பக்கம் 3.6 என்று வைத்துக்கொள்வோம். 1,200 மி.மீ. நீளம் முழுதும் அது ஒரே பக்கமாகவே இருந்தால், ஈடுகட்டக் குழாயின் மேல் சுமார் 285 கிராம் இரும்பு ஒட்ட வேண்டும். நல்ல ஷாஃப்ட்டுக்கு ஒரு முனைக்கு 5 கிராம் சமனின்மை மீதமிருந்தாலே பேலன்சிங் மெஷின்காரர் முகம் சுளிப்பார். தரம் தெரிந்த, குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் என்றால் பேச்சு வேறு. காயலான் கடைக் குவியலில் அது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது.

கேள்வி: கனமான சுவர் போட்டால் அதிக வேகத்தில் ஷாஃப்ட் வளையாமல் இருக்குமா? என் ஷாஃப்ட் 1,500 மி.மீ. நீளம்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: இருக்காது. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் ஒரு வேகம் உண்டு. அதைத் தொட்டால் நடுப்பகுதி ஸ்கிப்பிங் கயிறு போலச் சுழன்று வெளியே வீங்கும். எஃகுக் குழாய்க்கு அதைக் கண்டுபிடிக்கும் வழி: வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், அதை 12.1 கோடியால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள். எல்லாம் மி.மீ.யில். நீளம் என்பது கிராஸ் (யோக்குகளை இணைக்கும் சிலுவை மூட்டு) நடுவிலிருந்து கிராஸ் நடு வரை. வருவது நிமிடச் சுற்று. அதில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

1,250 மி.மீ. ஷாஃப்ட்டில் 50.8 × 1.65 குழாய்க்கு 5,390 வரும். பாதுகாப்பான எல்லை 3,770. 63.5 × 2.1-க்கு 6,730, எல்லை 4,710. அதே 63.5-ல் சுவரை 3.2 ஆக்கினால் 6,610-க்கு இறங்குகிறது! சுவரைக் கூட்டினால் விறைப்பும் எடையும் சேர்ந்தே ஏறுவதால் லாபமில்லை. விட்டத்தைக் கூட்டுங்கள், அல்லது நீளத்தைக் குறையுங்கள்.

உங்கள் 1,500-க்கு 63.5 போட்டால் எல்லை 3,270, 76.2 போட்டால் 3,950. உங்கள் வண்டி ஓடும் சுற்றைத் தெரிந்துகொள்ள: 700 மி.மீ. விட்ட டயர் 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 758 சுற்று சுற்றும். பழைய ஜீப் ஹவுசிங்கின் (பின் அச்சுக் கியர்) 5.38 விகிதத்தால் பெருக்கினால் ஷாஃப்ட் 4,080 சுற்று. ஆக 63.5 குழாயோடு நீங்கள் 80-ஐத் தாண்டக் கூடாது; 76.2 போட்டும் 100 தொட முடியாது. ஹவுசிங் விகிதம் அப்படியிருந்தால் இரண்டு துண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் போடுவதே வழி.

கேள்வி: புதுப்பேட்டையிலோ இங்கே பழைய இரும்புக் கடையிலோ நீளமான ஷாஃப்ட் வாங்கிக் குறைத்துக்கொள்ளலாமா? அல்லது இருக்கிற ஷாஃப்ட்டை நடுவில் வெட்டி ஒரு துண்டு சேர்த்தால் போதுமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: முதலாவது நல்ல யோசனை. தொழிற்சாலை தேர்ந்தெடுத்த குழாய், யோக்கோடு பொருந்தியபடியே கிடைக்கிறது. உங்களுக்குத் தேவையானதைவிட நீளமானதை வாங்கி ஒரு முனையை மட்டும் வெட்டுங்கள். மறுமுனைத் தொழிற்சாலை வெல்டிங்கைத் தொடாதீர்கள். பள்ளம், கல்லடி, துருக்குழி இருந்தால் தள்ளிவிடுங்கள். சில கார் ஷாஃப்ட்டுகளுக்குள் சத்தம் குறைக்க அட்டைச் சுருள் வைத்திருப்பார்கள். வெல்டிங் சூட்டில் அது கருகும், முனையிலிருந்து உள்ளே தள்ளி வெட்டி எடுக்க வேண்டும்.

இரண்டாவது கூடாது. வளைவு அதிகம் வரும் நடுவில் இரண்டு தையலும் கூடுதல் எடையும் வைக்கிறீர்கள். நீளம் போதாவிட்டால் முழுக் குழாயையும் மாற்றுங்கள்.

கேள்வி: குழாய் கிடைத்துவிட்டது. வெல்டிங்கை எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே செய்யலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: லேத்தும் டயல் கேஜும் இருந்தால் செய்யலாம். முதலில் வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது நீளம் அளங்கள். ஜாக்கியில் தூக்கி அளந்தால் தப்பு வரும். ஸ்பிலைன் (ஷாஃப்ட் நீண்டு சுருங்க உதவும் பல் வெட்டிய இணைப்பு) முழுதும் உள்ளே போய் முட்டாமல் இன்னும் 25 மி.மீ. நகர இடம் விடுங்கள்.

பழைய வெல்டிங்கை லேத்தில் மெல்லச் சீவுங்கள். குழாய்க்கும் யோக்குக்கும் இடையிலான கோடு தெரிந்ததும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு பாஸ் ஓட்டினால் கழுத்து போய்விடும், யோக் வீண். புதுக் குழாயின் முனையை லேத்திலேயே செங்குத்தாக வெட்டி, பிசிறு நீக்கி, 25 மி.மீ. வரை எண்ணெய் துடைத்து யோக்கை இறக்குங்கள். இரண்டு யோக்கின் காதுகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும்: கிராஸ் கப் துளைகளில் ஒரே அளவுக் கம்பி செருகி, இரண்டின் மேலும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

எதிரெதிராக நான்கு டேக் (சிறு புள்ளி வெல்டு). பிறகு சுற்றி டயல் கேஜ் பாருங்கள்: நடுவில் 0.25 மி.மீ., வெல்டிங்கிலிருந்து 75 மி.மீ. தள்ளி 0.13 மி.மீ. இதற்கு மேல் ஓட்டம் (சுற்றும்போது நடுவிலிருந்து விலகல்) இருந்தால் மரச் சுத்தியால் தட்டிச் சரிசெய்த பிறகே முழு வெல்டிங். யோக் வார்த்தது அல்ல, கார்பன் கூடிய எஃகில் அடித்துச் செய்தது. 150 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சி.ஓ.டூ வெல்டிங் நல்லது. ஆர்க் என்றால் உலர்த்திய 7018 ராடு. கதவு, கிரில்லுக்குப் போடும் 6013 வேண்டாம். கிராஸைக் கழற்றிவிட்டு, எர்த்தைக் குழாயிலேயே பிடியுங்கள், இல்லையேல் ஊசி பேரிங்கில் கரண்ட் பாய்ந்து தடம் விழும். ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் தையலோரம் விரியும்.

அப்புறம் பேலன்சிங். கிராஸும் ஸ்லீவும் மாட்டியபடியே இரண்டு முனையிலும் செய்யச் சொல்லுங்கள். 8 கிலோ ஷாஃப்ட், 4,000 சுற்று, ஜி 16 பேலன்சிங் தரம் என்றால் முனைக்கு 5 கிராமுக்குள் வர வேண்டும். முன் கிராஸிலிருந்து 150 மி.மீ.க்குள் 50 × 6 பட்டையில் ஒரு வளையம் சேசிஸில் போல்ட் செய்யுங்கள். கிராஸ் உடைந்தாலும் ஷாஃப்ட் சாலையில் குத்தி வண்டியைத் தூக்காது.

கேள்வி: பேலன்சிங் சீட்டில் எல்லாம் சரி. ஆனாலும் 70-ல் அதிர்கிறது.
– வாசகர், ஆரணி

பதில்: 70-ல் நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். அதிர்வு அப்படியே தொடர்ந்தால் காரணம் இன்ஜின் அல்ல. கிராஸ் மாற்றியபோது ஸ்பிலைனை ஒரு பல் தவறிப் பூட்டியிருக்கலாம். காதுகள் ஒரே தளத்தில் இல்லாவிட்டால், முன் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின் கிராஸ் விழுங்காது. அது சரி என்றால் இரு முனைக் கோணங்களையும் அளங்கள்: இரண்டும் சமமாக, 3 டிகிரிக்குள். அதுவும் சரியா? ஹவுசிங் ஃபிளாஞ்சின் நான்கு போல்ட்டைக் கழற்றி, ஷாஃப்ட்டை அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டிப் பாருங்கள். குறைந்தால் ஃபிளாஞ்ச்தான் ஓட்டம் அடிக்கிறது. திருப்பிய நிலையிலேயே பஞ்ச் குறி அடித்து வையுங்கள்.