செட்டு போச்சுண்ணே

அன்புள்ள சார்,

நான் பாபநாசம் பக்கம் ஒரு உரக்கடையில கணக்கு எழுதுறேன். பையன் ஒன்பதாவது, இங்கிலீஷ் மீடியம். அவன் ஸ்கூல்ல வாரம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை குடுத்து, அதுக்கு இருபத்தஞ்சு அர்த்தம் மனப்பாடம் பண்ணி திங்கக்கிழமை ஒப்பிக்கணும்னு வச்சிருக்காங்க. போன வாரம் 'செட்'. ஞாயித்துக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு பதினாறாவது அர்த்தத்துல நின்னு அழுதுட்டான். ஒரு சின்ன வார்த்தைக்கே இத்தனை அர்த்தம்னா இங்கிலீஷ் அவ்வளவு வளமான பாஷையா சார்? நம்ம தமிழ்ல ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் தானே, அதனாலதான் நம்ம பிள்ளைங்க திணறுதுங்களா? தமிழ் மீடியத்துக்கே மாத்திடலாமான்னு வீட்டுல பேச்சு ஓடுது. எந்த டிக்‌ஷனரி வாங்கலாம்னும் சொல்லுங்க.

ச., பாபநாசம் வட்டம்

*

அன்புள்ள தங்கச்சி,

உங்க கடிதத்தை ரெண்டு தடவ படிச்சேன். மொத தடவ பையன் அழுததுக்காக. ரெண்டாவது தடவ கோவத்துல. கோவம் எதுக்குன்னு அப்பறம் வரேன்.

மொதல்ல பையன்கிட்ட சொல்லுங்க, அந்த வார்த்தை பெரிய பெரிய ஆளுங்களையே பாடா படுத்தியிருக்கு. 1989-ல வந்த ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியோட ரெண்டாம் பதிப்புல செட்டுங்கற வினைக்கு மட்டும் 430 பொருள், அதை விளக்க சுமார் 60,000 வார்த்தை, ஒரு நாவலே எழுதிடலாம். 2011 வாக்குல 'ரன்' அதை முந்திடுச்சு, 645 பொருள். அந்த ஒரு சொல்லை ஒழுங்கு பண்ண பீட்டர் கில்லிவர்னு ஒரு அகராதிக்காரருக்கு ஒன்பது மாசம் புடிச்சுது. ஒன்பது மாசம்! அவருக்கு அதுதான் உத்தியோகம், மாசமானா சம்பளம். நம்ம புள்ளைக்கு ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை.

இன்னொண்ணு, செட்டுங்கறது ஒரு வார்த்தையே கிடையாது. ரெண்டு பேர் ஒரே சட்டைய மாட்டிகிட்டு நிக்கிறாங்க. ஒருத்தர் பழைய இங்கிலீஷ்காரர், வினைச்சொல், உக்கார வைக்கிறதுன்னு அர்த்தம், 'சிட்'டுக்கு சொந்தக்காரர். இன்னொருத்தர் லத்தீன்ல பொறந்து பிரெஞ்சு வழியா வந்தவர், பின்னாடி வர்ற கூட்டம்னு அர்த்தம், ஒரு மதத்துக்குள்ள தனியா பிரிஞ்சு நிக்கிற கூட்டத்தை 'செக்ட்'ம்பாங்களே அதோட கூடப்பொறந்தவர். கும்பகோணத்து டபரா செட்டு, பரோட்டா ஒரு செட்டு, கல்யாணத்துக்கு மேளம் ரெண்டு செட்டு, இதெல்லாம் கூட்டத்து வகையறா. சிமெண்ட் செட்டாகறது உக்காருற வகையறா, நம்ம கொத்தனாரும் 'கலவை உக்காரட்டும்'னு தானே சொல்றாரு, அவரு என்ன ஆக்ஸ்ஃபோர்டா படிச்சாரு. முகூர்த்தத்துக்கு முன்ன பாத்திருப்பீங்க, நாயனக்காரர் சீவாளிய வாயில வச்சு எச்சில்ல நனைச்சு, ரெண்டு ஊது ஊதிப் பாத்து, முகத்தை சுளிச்சு, நாயனத்துல தொங்குற கொத்துலேர்ந்து வேற ஒண்ணை எடுத்து மாட்டி, 'ம், இது செட்டாகுது'ம்பாரு. நாம 'ரெண்டு செட்டு'ன்னு பேசி கூட்டியாந்ததுல ஒரு செட்டு ஆளு தான் அவரு. அவருக்கு ரெண்டுக்கும் குழப்பமே வரல.

பசங்க சொல்ற 'அவ நமக்கு செட்டாக மாட்டா மச்சி' இருக்கே, அது சொந்த தயாரிப்பு. லண்டன்ல போய் சொன்னா ஒருத்தருக்கும் புரியாது.

மீடியம் மாத்துறது உங்க வீட்டு விஷயம், நான் வாய் வைக்க மாட்டேன். எந்த பாஷை வளமானதுங்கற பட்டிமன்றத்துக்கும் வரல, அதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க.

இப்ப கோவத்துக்கு வரேன். 'தமிழ்ல ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் தானே'ன்னு எழுதிட்டீங்களே, என்னம்மா இது? நீங்க உக்காந்திருக்கறது உரக்கடையில. சம்பா நடவு முடிஞ்ச நேரத்துல நாளுக்கு எத்தனை பேர் உங்க மேசைக்கு முன்ன வந்து, 'ஆறு மா போட்டிருக்கேன், எத்தனை மூட்டை ஆகும்'னு கேட்டிருப்பான்? நூறு குழி ஒரு மா, மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி, தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவீங்க. வேலியில இருபதுல ஒண்ணு மா, ஏன்னா பழைய கணக்குல மான்னாலே இருபதுல ஒரு பங்கு. அதே மா தான் மாமரம். அதே மா தான் குதிரை, யானை, பொதுவா மிருகம். மாமன்னன்னா பெரிய மன்னன். என் அக்கா பேத்தி சென்னையில வளர்ற புள்ள, எங்க அப்பாவுக்கு பதினஞ்சு மா இருக்குன்னு யாரோ சொன்னதை கேட்டுட்டு பதினஞ்சு மாங்கா வரைஞ்சு அனுப்புச்சு. ஒண்ணு மட்டும் அணில் கடிச்சது.

இதை எல்லாம் ஒருத்தர் எப்பவோ யோசிச்சு எழுதி வச்சிட்டு போயிட்டாரு. தொல்காப்பியத்துல கிளவியாக்கம்னு ஒரு இயல். அதுல பல பொருள் தர்ற ஒரு சொல்லை ரெண்டா பிரிக்கிறாரு. கூட வர்ற வினையால வேறுபடுறது ஒரு வகை. அதை 'வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும்' கண்டுபுடிச்சுக்கலாங்கறாரு. மா பூத்துச்சுன்னா மரம், மா ஓடுச்சுன்னா குதிரை, மா அளந்தாங்கன்னா நிலம். ஒரு மண்ணும் மனப்பாடம் பண்ண வேணாம், பக்கத்துல யார் நிக்கிறாங்கன்னு பாத்தா போதும். இன்னொரு வகை, வினையை வச்சும் கண்டுபுடிக்க முடியாதது. மா விழுந்துச்சுன்னு மொட்டையா சொன்னா விழுந்தது மரமா மிருகமா? அப்போ என்ன பண்ணணும்னா, 'கிளந்தாங்கு இயலும்'. அதாவது வாயத் தொறந்து தெளிவா சொல்லித் தொலைங்கறாரு. (இவ்வளவு கோவமா சொல்லல, கோவம் என்னோடது.)

அந்தக் காலத்துல நிகண்டு, அதாவது பழைய கால அகராதி, மனப்பாடம் பண்ணாங்களேன்னு யாராவது கிளம்புவாங்க. பண்ணாங்க. சூடாமணி நிகண்டுல பதினொண்ணாவது தொகுதியே ஒரு சொல்லுக்கு பல பொருள் தான். ஆனா அது பாட்டு, எதுகை புடிச்சு ஓடும், அதை உருப்போட்ட புள்ளைங்க அந்த சொல்லுங்க நடமாடுற செய்யுளையும் கூடவே படிச்சுதுங்க. உங்க ஸ்கூல் குடுத்திருக்கறது இருபத்தஞ்சு வரி லிஸ்ட்டு, பக்கத்துல ஒரு வாக்கியம் கூட இல்லாம. சமையல் தெரியாத ஆளுகிட்ட அஞ்சறைப்பெட்டிய குடுத்து ஒப்பின்னு சொல்ற மாதிரி. அந்த டீச்சர் அம்மாவ நான் திட்டல, அவங்களுக்கு மேலேர்ந்து என்ன நெருக்கடியோ.

தமிழ்ல 'வை'ன்னு ஒண்ணு இருக்கே, அது செட்டுக்கு சம்பந்தியே தான். குழம்பு வை, பேர் வை, மீசை வை, ஆள் வை, வெடி வை, கண்ணு வைக்காத, கை வச்சிடாத, கடை வச்சிருக்கான், கல்யாணத்த தை மாசம் வச்சிருக்காங்க. உங்க கடிதத்துலயே 'ஒப்பிக்கணும்னு வச்சிருக்காங்க'ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க. இதுல எதையாவது லிஸ்ட்டு போட்டா கத்துகிட்டீங்க?

சரி, செட்டுன்னா எனக்கு என்னன்னு கேக்கவே இல்லியே. கேக்கலைன்னாலும் சொல்லுவேன்.

எங்க ஊரு மன்னார்குடிக்கு தெக்க. ஜூன் 12-ல மேட்டூர் தொறந்தா அந்த தண்ணி கல்லணைக்கு வந்து, வெண்ணாறு புடிச்சு, கிளை ஆறு வாய்க்கா எல்லாம் தாண்டி எங்க மதகுக்கு வர்றதுக்குள்ள குறுவைக்கு நாத்து விடுற நேரம் ஓடிப்போயிடும், அதனால நாத்தங்காலுக்கு செட்டு தண்ணி தான். இங்கிலீஷ்காரனுக்கு பம்புசெட்டுங்கறது மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஒரு சாமான். எங்களுக்கு அது ஒரு இடம். 'செட்டு ஓடுது'ன்னா மோட்டார். 'செட்டுல குளிச்சிட்டு வா'ன்னா தொட்டி. 'செட்ட பூட்டிட்டு வா'ன்னா கொட்டகை. ஷெட்டையும் நாங்க செட்டுன்னு தான் சொல்லுவோம், அதுல ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை ஒண்ணா கரைஞ்சு போயி, எது எதுன்னு பிரிக்கவும் முடியல, பிரிக்கணும்னு ஒருத்தருக்கும் தோணவும் இல்ல. ஏழாவதுல செட்டை வச்சு வாக்கியம் எழுதச் சொன்னாங்க, 'எங்க அப்பா செட்டுல தூங்குவார்'னு இங்கிலீஷ்ல எழுதினேன், வாத்தியார் வகுப்புக்கே படிச்சு காட்டினாரு, ஒரு வாரம் எனக்கு பேரே செட்டு தான்.

அப்பா நெசமாவே அங்க தான் தூங்குவாரு. மும்முனை கரண்டு எப்ப வரும்னு தெரியாது, வந்ததும் போடணும். பழக்கமாயி, வயசானப்பறமும் வீட்டுல படுக்க மாட்டாரு.

2018 நவம்பர் 16, கஜா புயல். விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு. நான் திருச்சியில. ராத்திரி பூரா ஃபோன் போட்டு போட்டு பாக்குறேன், போகல. காலையில ஆறு மணிக்கு மேல தம்பிகிட்டேர்ந்து ஒரு கால், ஒரே இரைச்சல், 'அண்ணே செட்டு போச்சுண்ணே'ங்கறான், அழுவுறான், கட்டாயிடுச்சு. அதோட அந்தப் பக்கமே டவர் கிடையாது.

செட்டு போச்சு. அப்பா?

தஞ்சாவூர் வரைக்கும் எப்படியோ வந்துட்டேன். மன்னார்குடி தாண்டினப்பறம் ரோடே தெரியல, தென்னை மரமெல்லாம் குறுக்க படுத்திருக்கு, ஊர்ப்பசங்க அருவாளும் ரம்பமுமா வெட்டி வழி பண்ணிட்டு இருக்கானுங்க, கடைசி நாலு கிலோமீட்டர் வண்டிய போட்டுட்டு நடந்தேன். வழி பூரா அந்த கொட்டகை தான் கண்ணுல. நாலு பக்கம் செங்கல் சுவரு, மேல ஆஸ்பெஸ்டாஸ், உள்ள ஒரு கயித்துக்கட்டில்.

சாயங்காலம் போய் சேர்ந்தா, அப்பா திண்ணையில உக்காந்து இளநி சீவிட்டு இருக்காரு. விழுந்து கெடக்கற மரத்துலேர்ந்து பொறுக்கிட்டு வந்தது, ஒரு குவியல். மொத நா சாயங்காலமே பெருமா கோயில் மண்டபத்துக்கு போயிட்டாராம். 'வா, இந்தா குடி'ன்னு ஒண்ணை நீட்டுறாரு. வாசல்ல தம்பி குந்திகிட்டு ஆம்ப்ளிஃபையர தலைகீழா கவுத்து புடிச்சிருக்கான், உள்ளேர்ந்து தண்ணி ஊத்துது, கடைசியா ஒரு சின்ன தவக்களை வந்து விழுந்து குதிச்சு ஓடுச்சு.

அவன் சொன்னது மைக்செட்டு. பன்னெண்டு வருசமா வாடகைக்கு விடுறான். குழாய் ஸ்பீக்கர், பாக்ஸு, சீரியல் லைட்டு, எல்லாம் வச்சிருந்த ஓலைக்கொட்டகை பறந்து போயி அத்தனையும் நனைஞ்சிடுச்சு. அவனுக்கு அன்னிக்கு உலகத்துலேயே பெரிய சாவு அது தான்.

முதுகுல ஒண்ணு வச்சேன். கிளந்து சொல்லித் தொலைய வேண்டியது தானேடா, நான் அப்பான்னு நெனச்சு உசிரு போயி வரேன்னேன். அவன் என்னை நிமிந்து பாத்து, நெசமாவே புரியாம, 'எனக்கு இருக்கறது ஒரு செட்டு தானேண்ணே' அப்படிங்கறான்.

அப்பா இளநி சீவுறதை நிறுத்தாம, 'பம்புசெட்டா? மேல சீட்டு போச்சு, மோட்டார் நல்லாருக்கு. கரண்டு தான் எப்ப வருமோ'ன்னாரு. வர வாரக்கணக்காச்சு.

உங்க பையனுக்கு என்ன பதில்னு கேட்டா, ஒன்பதாவது கணக்கு புத்தகத்துல மொத பாடமே செட் லாங்குவேஜ் தான், தமிழ்ல கணமொழி. அங்க ஒரு செட்டு இருக்கறது அவனுக்கு தெரியும், அவன் அதை அழுதுகிட்டா படிச்சான்? டிக்‌ஷனரி எதுவா இருந்தாலும் பரவால்ல, ஒவ்வொரு பொருளுக்கும் உதாரண வாக்கியம் போட்டிருக்கான்னு புரட்டிப் பாத்து வாங்குங்க, இல்லாத டிக்‌ஷனரிய எடை போட்டு வித்தா கூட வாங்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை லிஸ்ட்டை புடுங்கி வச்சிட்டு அவனை பக்கத்துல எங்கயாவது செட்டுல குளிக்க அனுப்புங்க. ஃபோனையும் வாங்கி வச்சுக்கங்க. தண்ணியில போட்டுட்டு வந்து, செட்டு போச்சும்மான்னு நிப்பான்.

அன்புடன்
அண்ணன்