சாதி, பாலியல் சீண்டல் பற்றிய கதைப் புத்தகங்களை ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். "பிஞ்சு மனதில் இதையெல்லாம் ஏன் இப்போதே ஏற்ற வேண்டும்" என்று தயங்குகிறீர்கள். நீங்கள் நகரத்தில் இருப்பவர், பிள்ளையை நல்ல பள்ளியில் சேர்த்திருப்பவர் என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த விஷயங்கள் புத்தகம் வழியாகத்தான் வீட்டுக்குள் வரும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நான் திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. எந்தத் தெரு யாருடையது, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதெல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்புக்கு வரும்போதே அத்துப்படி.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். சாதிதான் காரணம். அதற்குப் பிறகு என்னால் பாடத்தை மட்டும் நடத்திவிட்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. ஏழாம் வகுப்பில் விஷ்ணுபுரம் சரவணனின் 'கயிறு' நூலை வாசித்தேன். இன்ன சாதி என்று நிறத்தால் காட்டப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றியது. சின்ன நூல், ஒரு பீரியடுக்குள் முடிந்துவிடும்.

வாசிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் வலது கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டான். யூனிஃபார்ம் அரைக்கைச் சட்டை, இழுத்து மறைக்க வழியில்லை. இரண்டு நிறத்தில் முறுக்கிய கயிறு, கழற்றாமலே குளித்துக் குளித்து நிறம் மங்கி, முடிச்சு பிசிறடித்துக் கிடந்தது. நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை. முடித்துவிட்டு, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். வகுப்பில் சத்தமே இல்லை. மணி அடித்து எல்லாரும் போன பிறகு அவனே வந்தான்.

"டீச்சர், இத நானாக் கட்டல. கோயில் கொடைக்குப் போனப்ப மாமா கட்டிவிட்டாவ. கழட்டுனா வைவாவ."

சாதி என்றால் என்ன என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாமாவிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது என்பதுதான் அவன் பிரச்சினை. அதை அதுவரை யாரிடமும் அவன் சொன்னதில்லை.

அந்த வாரமே அவன் அப்பா வந்தார். "ஏன் டீச்சர், பாடத்த நடத்தாம இல்லாததெல்லாம் பிள்ளைய மண்டையில ஏத்துறீய?" என்றார். "அண்ணாச்சி, நீங்களே ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்று புத்தகத்தைக் கொடுத்தேன். வராந்தாவில் நின்றபடியே படித்தார். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. பையனும் கயிற்றை அறுத்துப் போடவில்லை, பள்ளிக்கு வரும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான். ஆனால் அதற்கப்புறம் வீட்டில், தெருவில் என்ன நடந்தாலும் என்னிடம் வந்து சொல்ல ஆரம்பித்தான்.

சாதிக் கயிறு கூடாது என்று 2019லேயே பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை வந்தது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் தடை செய்யச் சொன்னது. தடை வேண்டும்தான். ஆனால் கட்டிவிட்ட மாமாவைப் பற்றிப் பிள்ளை வாய் திறக்க வேண்டுமென்றால், யாராவது முதலில் பேச்சை எடுக்க வேண்டும். கதையில் மாட்டிக்கொண்டு முழிப்பவன் வேறொரு பையன் என்பதால், நம் பிள்ளைக்குத் தன்னைக் காட்டிக்கொடுக்காமலே பேச முடிகிறது.

"பள்ளியில் சாதியைப் பேசினால்தான் அது வளரும்" என்று இதன் கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். நாங்குநேரியில் அரிவாள் எடுத்தவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது கதைப் புத்தகமா? இப்படி வரும் எல்லா நூலும் நல்ல நூல் என்றும் நான் சொல்லவில்லை. சிலவற்றில் நான்காவது பக்கத்திலேயே ஒரு பெரியவர் வந்து அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். பிள்ளைகள் அதோடு மூடி வைத்துவிடுவார்கள்.

இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில் நல்ல நல்ல புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டியே கிடந்தன. தணிக்கைக்கு வரும்போது ஒன்று குறைந்தாலும் தலைமையாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். நூலக பீரியடிலோ ஆசிரியர்கள் செல்போனில் ஏதாவது விவரம் பதிவேற்றிக்கொண்டிருப்போம். அரசு காசு போட்டு வாங்கிய புத்தகம், பிள்ளை கை படாமலே கறையான் தின்று போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரா. நடராசனின் 'ஆயிஷா' இப்போது வேண்டாம். கேள்வி கேட்டதற்காக அடி வாங்கும் மாணவி, கடைசியில் இறந்துபோகிறாள். எட்டாம் வகுப்புக்கு மேல் கொடுங்கள், நீங்கள் இன்றைக்கே படியுங்கள். ஆசிரியர் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவர்களும் படிக்க வேண்டும். ஒன்பது வயதுக்கு யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' சரியாக இருக்கும். ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த தொல்லையை மரப்பாச்சி பொம்மையிடம் சொல்கிற கதை, 2020இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கியது.

வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் நீங்கள் படித்துவிட்டு, லீவு நாளாகப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து படியுங்கள். பிள்ளை நடுவில் நிறுத்தி ஏதாவது சொன்னால், அது சொந்தக்காரரைப் பற்றியதாகவே இருந்தாலும், "அவரா? இருக்காதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தால் அடுத்து என்ன செய்வதென்று வழி சொல்வார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதும் குற்றம். குடும்பத்தில் யாராவது பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வந்தால் இதை அவர்களிடமும் சொல்லுங்கள்.